ஜெரால்ட் மூர்: பாட்டின் பாதி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நகரங்களில் நடந்த குரலிசைக் கச்சேரிகளின் அறிவிப்புகளில் பாடகரின் பெயர் பெரிய எழுத்துகளில் இருக்கும். உடன் பியானோ வாசிப்பவரின் பெயர் அடியில் சிற்றெழுத்தில் ஒதுங்கியிருக்கும். சில வேளைகளில் அதுவும் இராது. மேடையில் அவர் இருப்பதே தெரியாதபடி வாசித்துவிட்டுப் போவதுதான் அவருடைய தொழிலின் இலக்கணம் என்று பாடகர்களும் நம்பினர், கேட்போரும் நம்பினர். ஹாலந்து நாட்டவரான கோன்ராட் போஸ் இத்துறையின் மூத்த மேதை. இளமையில் அவர் துணை வாசித்த பெரும் பாடகர் ஒருவர், அன்று அவர் வாசித்ததைத் தாம் கவனிக்கவே நேரவில்லை என்பதையே தலைசிறந்த பாராட்டாகக் கூறினாராம். அதைப் போஸ் பெருமையுடனேயே நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். கவனிக்கப்படாமையே தகுதி என்ற இந்த எண்ணத்தை எதிர்த்து, சண்டையிடாமல், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே, ஐம்பது ஆண்டுக்காலம் வழக்காடியவர் ஜெரால்ட் மூர்.

பக்கவாத்தியம் என்ற நம் சொல் மூரின் பணியை ஓரளவே குறிக்கும். நம் மேடையில் வயலின்காரர் பாடகரின் கற்பனையை அந்தக் கணத்திலேயே தொடர்ந்து செல்பவர். அவர் கையில் எழுதிய ஏடு இல்லை. ஜெர்மானியக் கலைப்பாடலிலோ பியானோவின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் இசையமைப்பாளரே எழுதிவைத்துவிடுகிறார். கவிஞர் ஒருவர் எழுதிய கவிதையை ஷூபர்ட்டோ ஷூமானோ ஹூகோ வுல்ஃபோ எடுத்துக்கொள்ளும்போது, அதன் பொருளில் ஒரு பகுதியைக் குரலுக்கும் மறு பகுதியைப் பியானோவுக்கும் பங்கிட்டுத் தருகிறார்கள். கவிதை சொல்லாமல் விட்டது பெரும்பாலும் பியானோவின் பங்கில்தான் வந்து சேர்கிறது. ஆகவே அதை வாசிப்பவர் கவிதையைப் படிக்கத் தெரிந்தவராக இருந்தாக வேண்டும். மூரின் வாழ்வைக் கவிஞர்கள் அறிந்துகொள்ள வேண்டியதற்குக் காரணமும் இதுவே.

மூர் 1899 ஜூலை 30 அன்று இங்கிலாந்தில் லண்டனுக்கு வடமேற்கேயுள்ள வாட்ஃபோர்டு நகரில் பிறந்தார். ஸ்வரத்தைக் கேட்டவுடன் அதன் பெயரைச் சொல்லிவிடும் செவி அவருக்கு இயல்பிலேயே வாய்த்திருந்தது. பியானோவின் முன் அமர்ந்து சாதகம் செய்யும் விருப்பந்தான் வாய்க்கவில்லை. தாயார்தான் பிடித்திழுத்து உட்காரவைத்தார். 1913இல் குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்தது. டொரொன்டோவில் மைக்கேல் ஹாம்போர்க் என்ற ரஷ்ய ஆசிரியரிடம் சிறுவன் சேர்க்கப்பட்டான். அவ்வாசிரியரின் மகன்களில் மார்க் புகழ்பெற்ற பியானோ கலைஞர். போரிஸ் செல்லோ கலைஞர். போரிஸுக்குத் துணையாகக் கனடாவில் ஊர் ஊராகச் சென்று வாசித்ததே மூரின் முதல் தொழிற்பயிற்சி. ஊமைப்படக் கொட்டகையில் திரைக்கு முன்னமர்ந்து வாசித்த காலமும் உண்டு. இந்த வேலையை இழிவாக எண்ண வேண்டியதில்லை. கண் ஒருபுறம் இருக்கக் கை மறுபுறம் ஓட வேண்டிய அந்தப் பழக்கம் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்திருக்கும்.

1919இல் அவரை லண்டனுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மார்க் ஹாம்போர்க்கிடம் பயின்று தனிக்கலைஞராகத் துலங்குவார் என்பது வீட்டாரின் எதிர்பார்ப்பு. அது நிறைவேறவில்லை. அந்நாளில் கில்டுஹால் இசைப்பள்ளியின் தலைவராக இருந்தவர் லாண்டன் ரொனால்டு. அவரே தம் இளமையில் பெரும் பாடகர்களுக்குத் துணை வாசித்தவர். இளைஞரின் வாசிப்பைக் கேட்ட அவர், துணை வாசிப்பதையே முழுநேரத் தொழிலாக மேற்கொள்ளுமாறு அறிவுரை கூறினார். தனிக்கச்சேரிக்குத் தகுதியில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை என்று அக்காலத்தில் வேறெவரும் இதைப் பொருள்கொண்டிருப்பார்கள். மூர் அப்படிக் கொள்ளவில்லை என்பதில்தான் அவருடைய கதை தொடங்குகிறது.

1921இல் ரெனே ஷெமே என்ற பிரெஞ்சு வயலின் கலைஞருடன் எச்.எம்.வி. நிறுவனத்துக்காக அவருடைய முதல் இசைத்தட்டு பதிவாயிற்று. அப்போது ஒலிவாங்கி கிடையாது. பெரிய ஊதுகுழல் ஒன்றின் வாயருகில் நின்று பாட வேண்டும் அல்லது வாசிக்க வேண்டும். பியானோவின் ஒலி அந்தக் குழலில் சரியாக ஏறாது என்பதால், வாசிப்பவர் மென்மையை மறந்து எல்லா இடத்திலும் ஓங்கியே அடித்தாக வேண்டும். நுட்பம் என்று ஒன்றிருந்தால் அதைப் பதிவுக்கூடத்து வாயிலிலேயே விட்டுவிட்டு உள்ளே செல்ல வேண்டிய காலம் அது. 1925இல் மின்முறைப் பதிவு வந்த பிறகே பியானோவின் தணிந்த ஒலியும் தட்டில் விழத் தொடங்கியது. அதற்குப் பின் வீட்டில் இசைத்தட்டைக் கேட்பவர், அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்து ஒருபோதும் கேட்டிராத நுணுக்கத்தைக் கேட்டார். மூரின் புகழுக்கு இந்தக் கருவி மாற்றமும் ஒரு காரணம் என்பதை அவரைப் போற்றுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஆயினும் கருவி மாறியது மட்டும் போதாது. கையும் மாற வேண்டியிருந்தது. அதை மாற்றியவர் ஜான் கோட்ஸ் என்ற ஆங்கிலப் பாடகர். 1865இல் யார்க்ஷயரில் பிறந்தவர். இளமையில் இசைநாடக அரங்குகளில் வாக்னரின் பாத்திரங்களை ஏற்றவர். ஆங்கிலத் தனிப்பாடல்களுக்காகத் தம் பிற்காலத்தைச் செலவிட்டவர். மூர் அவருடன் சேர்ந்தபோது கோட்ஸுக்கு அறுபது வயதை ஒட்டியிருக்கும். குரலின் முதல் மெருகு போய்விட்டிருந்தது. குரல் தேயும்போது சொல்லின் மீதான கவனம் கூர்மையடைவதை முதிய பாடகர்களிடம் காணலாம். அந்தக் கூர்மை முழுவதும் இளைஞர் மூரின் மீது பாய்ந்தது. அதுவரை மூர் கைக்கு வந்ததை வாசிப்பவர். எந்தத் தாளை முன்வைத்தாலும் உடனே படித்து வாசிக்கும் திறனே போதுமென்று எண்ணியிருந்தவர். கோட்ஸ் அவரைப் பல மணி நேரம் ஒத்திகையில் இருத்தினார். ஸ்வரங்கள் சரியாக இருப்பதை அவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. இந்தச் சொல்லின் கீழ் ஏன் இந்த ஸ்வரக்கட்டு நிற்கிறது, இந்த இடைவெளியில் பாடுபவன் மனத்தில் என்ன நிகழ்கிறது என்ற கேள்விகளுக்கு விரல்கள் விடை சொல்லும்வரை அவர் விடுவதில்லை. ஐந்தாண்டுகள் இந்தப் பயிற்சி நடந்தது. தம்மை உருவாக்கியவர் கோட்ஸே என்று மூர் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு எழுதிவந்தார்.

ஆக, பிற்காலத்தில் துணை வாசிப்பவர்களுக்கெல்லாம் ஆசானாகக் கருதப்பட்டவர் அந்தக் கலையை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. படிக்க இடமும் இல்லை. பியானோ கற்கச் சென்றவர்கள் அனைவருமே தனிக்கலைஞர்களாகப் பயிற்றப்பட்டார்கள். நூறு பேரில் ஒருவர் இருவர் மேடையேற, எஞ்சியோர் பிழைப்புக்காகப் பாடகர்களின் பின்னால் வந்து அமர்ந்தார்கள். அவர்களுக்குக் கவிதை தெரியாது, மூச்சு தெரியாது, பிறமொழி உச்சரிப்பு தெரியாது. தோற்றவர்களின் தொழில் என்று அது பெயரெடுத்ததில் வியப்பில்லை.

1930களில் மூர் லண்டனின் தவிர்க்க முடியாத விரல்களாகிவிட்டார். அங்கு வந்துபோன பெருங்கலைஞர்கள் பலருக்கும் அவர் வாசித்தார். ரஷ்யப் பாடகர் சாலியாப்பின் எந்தப் பாட்டைப் பாடுவார் என்பது அவர் வாய் திறக்கும்வரை எவருக்கும் தெரியாது. பாடல் நூலிலுள்ள எண்ணை மேடையிலிருந்து அறிவித்துவிட்டு உடனே பாடத் தொடங்கும் வழக்கம் அவருடையது. அவருக்குப் பின்னால் அமர்வதற்குத் துணிச்சல் வேண்டும். செல்லோ மேதை காசல்ஸ், பாடகியர் எலிசபெத் ஷுமான், நாஜி ஆட்சியில் ஜெர்மனியை விட்டு லண்டனில் குடியேறிய எலெனா கெர்ஹார்ட் என்று பட்டியல் நீளும்; அதை முழுவதும் சொல்ல இங்கு இடமில்லை. இவர்களில் கெர்ஹார்ட்டின் தொடர்பு தனித்துக் குறிக்கத்தக்கது. ஜெர்மானியப் பாடல் மரபின் உள்வீட்டுச் செய்திகள் ஆங்கிலேயரான மூருக்கு அவர் போன்றோர் வழியாகவே வந்து சேர்ந்தன.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் படங்களெல்லாம் பாதுகாப்புக்காக வெளியேற்றப்பட்டு, பின்னர் வேல்ஸ் மலையொன்றின் கற்சுரங்கத்தில் வைக்கப்பட்டன. வெறுஞ்சுவர்கள் மட்டும் நின்ற அந்தக் கூடத்தில் பியானோ கலைஞர் மைரா ஹெஸ் 1939 அக்டோபர் 10 அன்று பகலுணவு வேளைக் கச்சேரிகளைத் தொடங்கினார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். 1946 வரை 1,698 கச்சேரிகள் அங்கு நடந்தன. குண்டு விழுந்த நாட்களில் கீழ்த்தளத்து அறைக்கு இறங்கிச் சென்று பாடினார்கள். பகைநாட்டின் மொழி என்று கருதாமல் ஷூபர்ட்டையும் பிராம்ஸையும் லண்டன் மக்கள் கேட்டார்கள் என்பது அந்தப் போர்க்காலத்தின் மாண்புமிக்க செய்திகளில் ஒன்று.

அந்த மேடையில்தான் மூர் ஒருநாள் பாடகர் இல்லாமல் தனியே வந்தமர்ந்தார். வாசிப்பதற்காக மட்டும் அல்ல, பேசுவதற்காக. துணை வாசிப்பவர் என்ன செய்கிறார் என்பதை அவர் பியானோவின் முன்னிருந்தபடியே விளக்கிக் காட்டினார். ஒரு பாட்டின் முன்னிசையைத் தவறாக வாசித்துக் காட்டுவார், மக்கள் சிரிப்பார்கள். பின் சரியாக வாசிப்பார், சிரிப்பு அடங்கிவிடும். பேச்சு பெரும் வரவேற்பைப் பெற்றது. 1943இல் 'கூச்சப்படாத பக்கவாத்தியக்காரர்' என்ற பொருள்படும் தலைப்பில் சிறுநூலொன்றை அவர் வெளியிட்டார். தலைப்பே ஒரு கலகம். கூச்சப்பட வேண்டிய தொழில் என்று உலகம் கருதியதை எதிரே வைத்துத்தானே அப்படிப் பெயரிட முடியும்? 1950களில் அதே பெயரில், விளக்கங்களும் வாசிப்புமாக இசைத்தட்டு ஒன்றும் வெளிவந்தது. எழுத்தைவிட அத்தட்டு அவரை நன்கு காட்டும். குரலில் குறும்பும் விரலில் கண்டிப்பும் ஒருங்கே இருக்கும்.

அவர் கற்பித்தவற்றை அறியச் சில பாடல்களுக்குள் சென்று பார்க்க வேண்டும். வில்ஹெல்ம் முல்லரின் 24 கவிதைகளுக்கு ஷூபர்ட் 1827இல் இசையமைத்தது குளிர்காலப் பயணத் தொகுதி. அதன் கடைசிப் பாட்டில், ஊருக்கு வெளியே பனியில் நின்று கைச்சக்கர வாத்தியம் இசைக்கும் கிழவன் ஒருவன் வருகிறான். அவனை ஒருவரும் கேட்பதில்லை. அவன் தட்டில் காசும் விழுவதில்லை. பியானோவின் இடக்கை தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே இரு ஸ்வரங்களை மாற்றமின்றி ஒலித்துக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் மட்டும் அதனோடு அபஸ்வரம் போல ஒரு சிறு ஸ்வரம் ஒட்டிக்கொண்டு வரும். சுருதி சேராத பழைய வாத்தியம் அது. கல்லூரியில் தேர்ச்சி பெற்ற கைக்கு இதில் செய்வதற்கு ஒன்றுமேயில்லை. ஒன்றும் செய்யாமலிருப்பதுதான் கடினம். உணர்ச்சி காட்டலாம் என்று விரல் சற்றே அழுந்தினாலும் கிழவன் மறைந்து, பியானோ கலைஞர் தெரிந்துவிடுவார். இதற்கு நேர்மாறானது கேதேயின் கவிதைக்கு ஷூபர்ட் 1815இல் அமைத்த ஏர்ல்கோனிக். காய்ச்சலில் கிடக்கும் மகனை அணைத்துக்கொண்டு இரவில் குதிரையில் விரையும் தந்தையின் கதை. வலக்கையின் இடைவிடாத தட்டல் குதிரைக் குளம்பொலியாக நிற்க வேண்டும், மணிக்கட்டு மரத்துவிடும். அந்த மும்மூன்று தட்டுகளை ஷூபர்ட்டே தம்மால் இயலாமல் இரண்டிரண்டாகக் குறைத்துக்கொண்டு வாசித்தார் என்பார்கள்.

இன்னொன்று மூச்சு. பாடகர் எங்கே மூச்செடுப்பார் என்பதை முன்னறிந்து, கேட்பவருக்குத் தெரியாமல் அங்கே ஒரு நூலிழை இடம்விட வேண்டும். அதிகம் விட்டால் பாட்டு நொண்டும். விடாவிட்டால் பாடகர் திணறுவார். அதனால் இத்துறையின் நல்ல ஆசிரியர்கள் மாணவரைத் தாமே பாடிக்கொண்டு வாசிக்கச் சொல்வார்கள். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மெய்யும் உயிரும் பற்றிய பாடம் தமிழ்ப் புலவர்களுக்கு எளிதில் விளங்கும். சுருதியைத் தாங்குவது உயிரெழுத்தே; அதற்கு முன்னுள்ள மெய்கள், குறிப்பாக ஜெர்மன் மொழியில் இரண்டு மூன்றாக நெருங்கி நிற்பவை, ஒலிக்கச் சிறிது காலம் எடுத்துக்கொள்ளும். பாடகர் மெய்யைத் தாளத்துக்குச் சற்று முன்பே தொடங்கி, உயிர் சரியாகத் தாளத்தில் விழும்படி பாடுவார். பியானோவின் ஸ்வரக்கட்டு அந்த உயிரோடு சேர வேண்டும், மெய்யோடு அல்ல. மொழி தெரியாதவரின் கை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இங்கே சறுக்கிவிடும்.

சுருதி மாற்றி வாசிப்பதில் மூர் வல்லவர். உயர்ந்த குரலுக்கு எழுதிய பாட்டைத் தாழ்ந்த குரலுடையவர் பாடும்போது எல்லா ஸ்வரங்களையும் அந்த இடத்திலேயே இறக்கி வாசிக்க வேண்டும். விரல் கணக்கு அதில் பாதிதான். கீழே இறங்க இறங்கப் பியானோவின் ஒலி தடித்துக் கலங்கும்; இடக்கையை மெலியச் செய்து அந்தக் கலங்கலைத் தெளிவிக்க வேண்டும். ஹான்ஸ் ஹோட்டரின் கனத்த குரலுடன் 1954இல் அவர் பதிவு செய்த குளிர்காலப் பயணத்தைக் கேட்போர் இதை உணரலாம். பாட்டு முடிந்த பிறகு வரும் பின்னிசையை அவர் பெரிதும் மதித்தார். ஹைனேயின் கவிதைகளுக்கு ஷூமான் 1840இல் இசையமைத்த கவிஞனின் காதல் என்னும் தொகுதியில், கவிஞன் தன் காதலையும் துயரையும் பெட்டியிலிட்டுக் கடலில் ஆழ்த்துமாறு கசப்போடு சொல்லி முடித்துவிடுகிறான். பாடகர் வாய்மூடி நிற்கிறார். அதன்பின் பியானோ தனியே நெடுநேரம் பேசுகிறது. கவிஞன் ஏளனத்தால் மூடிவைத்ததை அது மெல்லத் திறக்கிறது. அந்த இடத்தில் பாடகர் அசையாமல் நிற்கக் கற்பதும் ஒரு பயிற்சியே.

மூர் இவற்றை முறையான பாடத்திட்டமாக அமைத்தவர் அல்லர். அந்தப் பணியைப் பிறர் செய்தார்கள். லண்டன் ராயல் இசைக் கழகத்தில் ஹரல்டு க்ராக்ஸ்டன் பல தலைமுறை மாணவர்களைப் பயிற்றினார். முன்னே சொன்ன போஸ், நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப்பள்ளியில் தம் முதுமையைக் கற்பிப்பதில் கழித்தார். க்ராக்ஸ்டனிடம் பயின்றவரும் கனடாவில் பிறந்தவருமான க்வெண்டலின் கோல்டாஃப்ஸ்கி 1947இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் துணை வாசிப்புக்கென்றே ஒரு பட்டப் படிப்பைத் தொடங்கினார். இவ்வகையில் அதுவே முதலாவது என்பர். அதன்பின் பிற கல்லூரிகளும் தொடர்ந்தன. மொழி உச்சரிப்பு, கவிதை வாசிப்பு, சுருதி மாற்றம், ஒத்திகை நடத்தும் முறை ஆகியவை பாடங்களாயின. இசைநாடக அரங்குக்குச் செல்வோர் மற்றொன்றும் கற்க வேண்டும். நாற்பது ஐம்பது வாத்தியங்களின் ஒலியைப் பத்து விரல்களில் சுருக்கி வாசித்தபடியே, பாத்திரத்தை மனப்பாடம் செய்யும் பாடகருக்கு உச்சரிப்பையும் தாளத்தையும் திருத்த வேண்டும். வராத பாத்திரத்தின் பகுதியைத் தாமே பாடிக் காட்டவும் வேண்டும். பெயர் அறிவிப்பில் இடம்பெறாத பணி என்றால் அதுதான். மூரின் வாழ்வு தனிக்கச்சேரி மேடையோடு அமைந்துவிட்டதால் அந்தப் பணி குறித்து அவர் நூல்களில் அதிகம் கிடைக்காது. அவருடைய நகைச்சுவையும் சிலபோது குறையே; வியர்வை தெரிய வேண்டிய இடத்தில் சிரிப்பை வைத்துவிடுகிறார். 1962இல் வெளிவந்த தன்வரலாற்றுக்கு, தாம் மிகையாக ஒலிக்கிறோமா என்று பாடகரைக் கேட்பது போன்ற தலைப்பை இட்டதும் அந்த இயல்பினாலேயே. படிப்பதற்கு மிகச் சுவையான நூல். ஆனால் கோட்ஸுடன் கழிந்த ஆண்டுகளின் கடுமையை வாசகர் வரிகளுக்கிடையில்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

1951இல் ஜெர்மனியிலிருந்து இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் லண்டன் பதிவுக்கூடத்துக்கு வந்தார். டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ். மூருக்கு அப்போது ஐம்பது கடந்துவிட்டது. பிறரானால் ஓய்வை எண்ணத் தொடங்கும் பருவம். அவர் தம் சிறந்த காலத்தை அங்கிருந்துதான் தொடங்கினார் எனலாம். குளிர்காலப் பயணத்தை மட்டும் இருவரும் 1955, 1962, 1971 ஆகிய ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார்கள். போருக்குச் சில ஆண்டுகளுக்குப் பின், தோற்ற நாட்டின் சிறைப்பட்ட வீரராக இருந்தவரும் வென்ற நாட்டின் முதியவரும் ஒரே கவிதையின் இரு பாதிகளாக அமர்ந்ததை எவரும் அந்நாளில் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. அவர்களும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

1967 பிப்ரவரி 20 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மூரின் விடைபெறு கச்சேரி நடந்தது. ஒரு பக்கவாத்தியக்காரரின் பெயரால் அந்த மாபெரும் அரங்கு நிறைந்தது. பாட வந்தவர்கள் ஃபிஷர்-டீஸ்காவ், எலிசபெத் ஷ்வார்ஸ்காஃப், விக்டோரியா டி லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய மூவர். அன்றைக்கு அவர்கள்தாம் அவருக்குத் துணை. பாடகியர் இருவரும் ரோசினியின் பெயரால் வழங்கும் பூனைகளின் ஜோடிப்பாட்டைப் பாடி அவையைச் சிரிக்க வைத்தார்கள். எல்லாம் முடிந்தபின் மூர் தனியே பியானோவின் முன் அமர்ந்தார். இசைக்கு நன்றி கூறும் ஷூபர்ட்டின் சிறுபாட்டொன்றைக் குரலின்றித் தாமே வாசித்துவிட்டு எழுந்தார். குரலின் பகுதியையும் அன்று அவர் விரல்களே பாடின.

மேடையை விட்டாரேயன்றிப் பியானோவை விடவில்லை. ஆண்குரலுக்கேற்ற ஷூபர்ட் பாடல்கள் 400க்கும் மேற்பட்டவற்றை ஃபிஷர்-டீஸ்காவுடன் பதிவு செய்யும் பெரும்பணி 1966இல் தொடங்கி 1972 வரை பெர்லினில் நடந்தது. சால்ஸ்பர்க், ஸ்டாக்ஹோம், டோக்கியோ ஆகிய நகரங்களுக்குச் சென்று அவையினர் முன்னிலையில் இளங்கலைஞர்களுக்கு வகுப்புகள் நடத்தினார். அங்கே பாடகரும் பியானோக்காரரும் சேர்ந்தே வர வேண்டும். ஒருவரை மட்டும் திருத்துவதில் பயனில்லை என்பது அவர் கொள்கை. 1975இல் வெளிவந்த அவருடைய ஷூபர்ட் நூல், மூன்று பாடல் தொகுதிகளையும் பாட்டுப் பாட்டாக எடுத்து, எங்கே விரைவது, எங்கே தயங்குவது, எந்தச் சொல்லுக்காகக் கையைத் தணிப்பது என்று வாசிப்பவரின் நாற்காலியிலிருந்து பேசுகிறது. கவிதை விமரிசனம் என்று அதற்குப் பெயரில்லை. ஆனால் முல்லரின் எளிய வரிகளை இவ்வளவு பொறுமையாகப் படித்த விமரிசகர்கள் குறைவு.

அவரிடம் வழிகாட்டுதல் பெற்றவர்களில் ஒருவர் கிரஹாம் ஜான்சன். லாண்டன் ரொனால்டு தலைமை வகித்த அதே கில்டுஹால் பள்ளியில் துணை வாசிப்புக்குப் பேராசிரியராக அமர்ந்தவர். மூர் 1987 மார்ச் 13 அன்று பக்கிங்ஹாம்ஷயரின் பென் என்ற சிற்றூரில் காலமானார். அதே ஆண்டில் ஜான்சன், ஷூபர்ட்டின் பாடல்கள் அனைத்தையும் பல பாடகர்களைக் கொண்டு பதிவு செய்யும் பணியில் இறங்கினார். 37 குறுந்தட்டுகளாக அது நிறைவுற்றது. பெர்லின் பதிவில் பெண்குரலுக்குரியவை என்று விடப்பட்ட பாடல்கள் இத்தொகுதியில் இடம்பெற்றன. ஷூபர்ட் தம் பதினேழாம் வயதில் எழுதிய, இராட்டையின் முன் அமர்ந்த கிரெட்சனின் பாட்டும் அவற்றில் ஒன்று. காதலனின் முத்தத்தை நினைத்த கணத்தில் பியானோவில் சுழலும் இராட்டை நின்றுவிடும்; பின் ஒரு சுற்று, ஒரு தயக்கம், மறுபடி ஒரு சுற்று என்று தட்டுத் தடுமாறித்தான் அது ஓடத் தொடங்கும்.